கடைசிப் பக்கத்து வெயில்

அம்பத்தூர் கம்பெனி கேன்டீனில் தட்டு வைக்க இடம் தேடும்போதே வெற்றிச்செல்வனின் போன் அதிர்ந்தது. ‘அன்பு நண்பர்களே, இன்னும் ஒரு சின்னத் தாமதம்’ என்று தொடங்கியிருந்தது. மேலே படிக்கவில்லை. மழை என்பார்கள், கைவலி என்பார்கள். போன தடவை, சிவகாசி அச்சகத்தில் டைரி சீசன்.

“இன்னா மாமே, ரயிலு கெளம்பிச்சா?” எதிரே நிர்மல், சாம்பாரைப் பிசைந்தபடி.

“கெளம்பும்டா.”

“அதுக்குள்ள நான் மஸ்கட் போயி, காண்ட்ராக்ட்ட முடிச்சி, தொப்பையோட திரும்பி வந்துடுவேன்.”

மேஜையே சிரித்தது.

‘சைடிங் லோக்கல்’ ஒரு காமிக்ஸ். ஆவடி தாண்டியதும் யாருக்கும் தெரியாத ஒரு தண்டவாளத்துக்குள் திரும்பிவிடும் மின்ரயிலின் கதை. ஜெயப்பிரியா என்ற பெண், வாசகர்களிடமே முன்பணம் திரட்டி அதை வரைந்துகொண்டிருந்தாள். பணம் போட்டவர்களின் முகங்களைப் பயணிகளாக வரைவேன் என்று அவள் அறிவித்த அன்றே வெற்றி கம்பெனியின் லேத் பிரிவு மொத்தத்தையும் பணம் போட இழுத்துவிட்டான். நிர்மலுக்குக் கையடித்துச் சத்தியமே செய்தான்: “நீ எந்த ஊருக்குப் போனாலும் ஒம் மூஞ்சி போட்ட புக்கு இல்லாம ஃப்ளைட் ஏத்தமாட்டேன்.” அதற்குப் பிறகு இரண்டு தீபாவளி போய்விட்டது. வரும் புதன்கிழமை நிர்மலுக்கு விமானம்.

நிர்மல் வாய்தான் கிண்டல் செய்யும். நேற்று அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது, கட்டிவைத்த பெட்டியில் அப்பளப் பாக்கெட்டுகளுக்கு மேலே புத்தக அளவுக்குச் சதுரமாக ஓர் இடம் காலியாக இருந்ததை வெற்றி பார்த்துவிட்டான். கேட்கவில்லை. அந்தச் சதுரம் காலையிலிருந்து கண்ணுக்குள் நின்றுகொண்டு அவனை உட்காரவிடவில்லை. சோறு ஆற ஆற, இடது கைக் கட்டைவிரலால் ஜெயப்பிரியாவுக்கு ‘ஏமாத்துறீங்களா?’ என்று தட்டி அனுப்பினான்.

உடனே பதில் வந்தது. ‘காட்டுப்பாக்கம்தான். நேர்ல வாங்க.’

ஷிஃப்ட் முடிந்ததும் போனான். ஃப்ளெக்ஸ் பேனர் கடை ஒன்றின் மாடி. கீழே காதுகுத்து பேனர் ஒன்று மெஷினிலிருந்து நாக்கை நீட்டுவதுபோல வந்துகொண்டிருந்தது. பகலெல்லாம் அந்த பேனர்களை டிசைன் செய்பவளும் ஜெயப்பிரியாதான். திட்ட வேண்டியதையெல்லாம் ஷேர் ஆட்டோவிலேயே வரிசைப்படுத்தி வைத்திருந்தான்.

“நெமிலிச்சேரி வெற்றியா நீங்க?” என்றாள் அவள், குரூப்பில் அவன் வைத்திருக்கும் பெயரைச் சொல்லி. கண்ணுக்கடியில் கருவளையம். பெஞ்சுக்கடியிலிருந்து ஒரு காகிதக்கட்டை இழுத்து அவன் முன்னால் போட்டாள். எல்லாம் ரயில். எல்லாம் ராத்திரி.

“மொதல்ல இப்படித்தான் வரஞ்சேன். குரூப்ல போட்டதும் நீங்கதான் எழுதுனீங்க, ‘ராத்திரி வாணாம்க்கா, ஷிஃப்ட் உட்டு வரும்போது மூஞ்சில அடிக்குமே வெயிலு, அதான் நம்ம லைனு’ன்னு. சரியாப் பட்டுச்சு. மொத்தத்தையும் மாத்துனேன்.”

வெற்றி மேலே கிடந்த தாளைப் புரட்டினான்.

“அப்புறம் கைப்பிடி தப்புன்னீங்க. அப்புறம் ஜன்னல் கம்பி. அப்புறம் கூட்டத்துல பை மாட்டுற விதம்.”

“அய்ய, அதெல்லாம் நான் சும்மா... ஃபுட்போர்டுல நின்னுகினு டைப் பண்றதுதான்க்கா. யாரு படிக்கப்போறான்னு.”

“மத்தவங்க எல்லாம் ‘சூப்பர்’னு போட்டுட்டுப் போயிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் பாத்தீங்க.”

குற்றம் சொல்கிற குரலாக இல்லை. அதுதான் அதிகமாகக் குத்தியது. இரண்டு தீபாவளியையும் தின்றது தன் கட்டைவிரல்தானா? நிற்க முடியாமல் ஜன்னல்வரை போய்த் திரும்பினான்.

“என் ஃப்ரெண்டு புதன்கிழம போறான்க்கா. ஒரே ஒரு புக்கு. அவனுக்கு மட்டும்.”

“கடைசிப் பக்கம் ஒண்ணுதான் பாக்கி. இப்ப ஓகேன்னா நாளைக்கே ஒரு காப்பி இங்கயே போட்டுத் தர்றேன், சிவகாசிக்கும் போயிடும். திருத்தணும்னா உங்க ஃப்ரெண்டுக்குக் கிடைக்காது. அச்சகமும் பொங்கலுக்கு அப்புறம்தான்னு சொல்லிட்டாங்க.” பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டாள். “பாத்துச் சொல்லுங்க. பொய் சொல்லக் கூடாது.”

பக்கத்தை அவன் பக்கம் திருப்பினாள். நெமிலிச்சேரிக்குள் நுழைகிற சாயங்கால ரயில். கதவோரத்தில் நிர்மல். அந்தக் கோணல் சிரிப்பு, காதுக்குப் பின்னால் செருகிய பேனா, அப்படியே அவன். ரயில் மேற்கே பார்த்துப் போகிறது. எதிரே வெயில். நிர்மலின் நிழல் மட்டும் பின்னால் விழாமல், அவனுக்கு முன்னே பிளாட்பாரத்தில் நீண்டு, வெயிலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கு முன்பே கிளம்பிவிட்டதுபோல.

‘நெழலு தப்புக்கா’ என்பது வெற்றியின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சட்டைப்பையில் போன் துடித்தது. எடுக்காமலே நிர்மல் என்று தெரிந்தது.

“இன்னா?” என்றாள் அவள், அவனைப்போலவே. “ஏதாவது தப்பு கீதா?”

அவன் பக்கத்தை நேராக்குகிறவன்போல உள்ளங்கையை நிழலின்மேல் வைத்தான்.

“கையை எடுங்க.”

“இருங்கக்கா, ஒரு நிமிசம்.”

ஜன்னல் வழியாக வந்த சாயங்கால வெயில் அவன் புறங்கையில் ஏறியது. கீழே மெஷின் நின்றது. அவன் கையை எடுக்கவில்லை.