விகாத்தியின் முதல் பஸ்

இந்தோனேசியாவின் உங்காரானில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் விகாத்தி சீட் உறையும் ஜன்னல் திரையும் தைப்பவள். அவள் தம்பி பிரப்தோ ஜகார்த்தா வழி பஸ் ஓட்டுகிறான். லீவு நாளிலும் போனில் பஸ் ஓட்டும் கேம்தான் விளையாடுவான்.

ஒரு நாள் கேமில் ஓடும் பஸ்ஸை எட்டிப் பார்த்தவள் சிரித்துவிட்டாள்.

“இது என்னடா ஜன்னல் திரை? சாக்குத்துணியா?”

“பெரிய தையக்காரி! நீயே தச்சு மாட்டு பாப்போம்.”

அந்தக் கேமுக்கு ரசிகர்களே பஸ் செய்து சேர்க்கலாம். அதை மோடு என்பார்கள். யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒருவர் வெளியிட்டிருந்த பஸ்ஸைப் பிரப்தோவின் பழைய லேப்டாப்பில் அவள் திறந்தாள். பஸ்ஸின் தோல் முழுவதும் ஒரே படமாகத் தட்டையாக விரிந்து கிடந்தது. சுவர், கூரை, சீட்டு, எல்லாம் தனித்தனித் துண்டு. வெட்டிப் போட்ட துணி போல இருந்ததால் அவளுக்குப் பயம் வரவில்லை.

பட்டறையில் தான் தைத்த திரையையும் சீட் உறையையும் போட்டோ எடுத்து ஒட்டினாள். கேமில் பார்த்தால் மடிப்புகள் தலைகீழாகத் தொங்கின. அடுத்த முறை திரையின் பூக்கள் டிரைவரின் முன்கண்ணாடியில் பூத்தன. ஒன்பதாவது தடவை சரியாக வந்தது. தன் பெயரை இரண்டு பக்க ஜன்னல் கண்ணாடியிலும் எழுதி, ரசிகர் குழுவில் போட்டாள்.

நான்காம் நாள் பிரப்தோ கத்திக்கொண்டே வந்தான்.

“அக்கா, எவனோ உன் பஸ்ஸுல உன் பேரை அழிச்சிட்டு அவன் பேரைப் போட்டுருக்கான்! கிழிக்கிறேன் பாரு!”

அவள் போனை வாங்கிப் பார்த்தாள். “பஹ்ருல்” என்ற பெயர் இடப்பக்கக் கண்ணாடியில் கண்ணாடிப் பிம்பம் போலத் திரும்பியிருந்தது. அவனுக்கு எழுதினாள்: “தம்பி, ரெண்டு கையையும் ஒரே பக்கமா வெட்டின சட்டை மாதிரி இருக்கு. இடப்பக்கத் துண்டைத் திருப்பிப் போடு.”

பதில் வந்தது: “மன்னிச்சிருங்க அக்கா. தூக்கிடறேன். ஆனா எப்படித் திருப்பறதுன்னு தெரியல.”

“திருடனுக்கு டியூஷன் வேறயா?” என்றான் பிரப்தோ.

“சும்மா இரு. தப்பாத் தச்சது ஊரெல்லாம் சுத்தக் கூடாது.”

ஆறு வரியில் விளக்கி அனுப்பினாள். மறுநாள் குழுவில் பஸ் திரும்ப வந்தது. இரண்டு பக்கமும் எழுத்து நேராக இருந்தது. விகாத்தி என்று பெரிதாக, கீழே பஹ்ருல் என்று சிறிதாக.

“கடைசி சீட்டுல தையல் கோணலா இருக்கே,” என்றாள் அவள். அது பஹ்ருல் செய்ததல்ல, அவளே தைத்தது.