நிலுவை இல்லை

மூன்று வருஷம் விண்ணப்பம் போட்டு, தொண்ணூற்று மூன்றில்தான் எனக்கு எம்.இ. இடம் கிடைத்தது. மெட்ராஸில், மின்சக்திப் படிப்பு. மின்வாரியமே சம்பளத்தோடு அனுப்பும். ஆனால் என் இடத்துக்கு வேறு இன்ஜினியர் வந்தால்தான் விடுவோம் என்று இழுத்தடித்தார்கள். கல்லூரியில் சேரக் கடைசி நாளுக்கு முந்தின நாள், மத்தியானம் மூன்று மணிக்குத்தான் அந்த மகராசன் எங்கள் சப்-ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தார். நாலரைக்கு எனக்கு ரயில்.

"ஆக்னஸம்மா, நீங்க நிம்மதியா கெளம்புங்க. கம்மாபுரம் லைன்ல கம்பத்துப் பீங்கான் மாத்தற வேலதான், நான் பாத்துக்கறேன்," என்று லைன்மேன் பழமலை காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார். கம்பத்தில் ஆள் ஏறினால் என் பெயரில் லைன் கிளியர் வாங்கி மின்சாரத்தை நிறுத்துவோம். ஆள் இறங்கியாயிற்று என்று லைன் கிளியர் புத்தகத்தில் நான் கையெழுத்துப் போட்டால்தான் ஆபரேட்டர் திரும்ப மின்சாரம் விடுவார். "அம்மா கையெழுத்து இருந்தா பயமில்ல" என்பார் பழமலை.

பொறுப்பை ஒப்படைக்க ஒன்பது புத்தகங்களை மேஜையில் அடுக்கினார்கள். எனக்குத்தான் கோபம் மூக்கு நுனியில் இருக்குமே! "கொண்டாங்கய்யா" என்று பிடுங்கி, எல்லாவற்றிலும் 'நிலுவை இல்லை' என்று எழுதிக் கடகடவென்று கையெழுத்துப் போட்டுத் தள்ளினேன். லைன் கிளியர் புத்தகமும் அதில் இருந்தது. படித்துப் பார்க்கவில்லை. பாவி, படிக்கத்தானே போனேன்!

ஜங்ஷனில் ரயில் ஏறி உட்கார்ந்த பிறகு, சைக்கிளில் விழுந்தடித்துக்கொண்டு வந்தார் வயர்மேன் விருத்தகிரி.

"அம்மா, எறங்குங்க! பழமலை அண்ணன் போயிட்டாரும்மா!"

பழமலை வேலையை முடித்து, காவலுக்குக் கம்பியில் மாட்டியிருந்த எர்த் சங்கிலியைக் கழற்றிவிட்டு இறங்குவதற்குள் மின்சாரம் வந்திருக்கிறது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் மனைவி திரௌபதி தரையில் கிடந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவருக்காவ ரயில வுட்டுட்டு வந்தீங்களாம்மா? ஒரு வாரமா தெருவெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தாரு, எங்கம்மா பெரிய படிப்பு படிக்கப் போறாங்கன்னு."

சொல்லாமல் இருந்திருக்கலாம். மின்சாரம் விட்ட ஆபரேட்டர் சக்கரபாணியைத்தான் அவள் பழித்திருப்பாள்.

"நான்தான் திரௌபதி. அவரு எறங்கிட்டாரான்னு பாக்காம நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அவள் என் கையை மெல்ல விட்டாள்.

"உங்க கையெழுத்து இருந்தா பயமில்லன்னாரேம்மா," என்றாள்.