பாறையிலிருந்து தெரியும் வீடு

பேரில் மலையை வைத்திருந்தாரே தவிர, திருமலைக்கும் மலைக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இருந்ததில்லை. திருவண்ணாமலையிலேயே பிறந்து, அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி சிறப்புப் பேருந்தில் வெளியூர் ஜனத்தை அடைத்து வந்து மலையடியில் இறக்கிவிடுவார். இறங்கியவர்கள் மலையைச் சுற்றப் போவார்கள். அவர் கடைசி சீட்டில் காலை நீட்டிப் படுத்துவிடுவார். மேலே ஏறிப் பார்த்ததுண்டா என்று யாராவது கேட்டால், "மலையே சாமி. சாமி மேலயா காலை வைக்கறது?" என்று பக்திமான் மாதிரி சொல்லுவார். உண்மையில் முட்டி வலி.

அந்த முட்டியோடுதான், மழை விட்டிருந்த ஓர் ஐப்பசி மத்தியானம், செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு, பெரிய கோயிலுக்குப் பின்னாலிருந்து குகைக்குப் போகும் கல்படிகளில் ஏறிக்கொண்டிருந்தார்.

ஏறியிருக்கக் கூடாது. சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை யாரும் மலை ஏறுவதில்லை. அவருடைய ஒரே மகன் அறிவுச்செல்வன் போனது மாசியில். கீழ்பென்னாத்தூரில் சினேகிதன் கல்யாணத்துக்குப் பைக்கில் போனவன், திரும்பி வருகையில் ரோட்டோரம் விளக்கில்லாமல் நின்ற லாரியைப் பார்க்கவில்லை.

இருந்தவரைக்கும் அறிவு அரசாங்கத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். வீட்டில் உட்கார்ந்தால் அப்பா ஜோக்கடித்தே பெயிலாக்கிவிடுவார் என்று, சாப்பிட்டதும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மலையில் பாதிதூரம் ஏறி, ஒரு பாறையில் போய் உட்காருவான். நாலு மணி வாக்கில் அம்மா திரௌபதிக்குப் போன் வரும்.

"மா, மாடிக்கு வா. உன்ன பாக்கணும்."

திரௌபதி போட்டது போட்டபடி மாடிக்கு ஓடுவாள். மலையைப் பார்த்துக் கையை ஆட்டுவாள். அவனும் அங்கிருந்து ஆட்டுவானாம். திருமலை கீழே கட்டிலில் படுத்தபடி, "அங்கருந்து பாத்தா ராஜகோபுரமே தீக்குச்சி மாதிரி இருக்கும். இவன் கண்ணுக்கு இவங்கம்மா தெரியறாளாம்," என்று சுவரிடம் சொல்லுவார். சுவர் மட்டும்தான் அவர் ஜோக்கை முழுசாகக் கேட்கும்.

இப்போது போன் வருவதில்லை. ஆனால் நாலு மணியானால் அவள் மாடிக்குப் போய்விடுகிறாள். அழுவதில்லை, பேசுவதில்லை. கையை மட்டும் ஆட்டுகிறாள். அப்புறம் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு இறங்கி வந்து டீ போடுகிறாள்.

எதிர்வீட்டுக் காசியம்மாள் அதைப் பார்த்துவிட்டுத் தெருவுக்குச் சொன்னாள். தெரு, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அடி அண்ணாமலை ஊர் வரைக்கும் சொன்னது. அங்கிருந்து திரௌபதியின் தம்பி சுப்பிரமணி கிளம்பி வந்துவிட்டான்.

"மாமா, அக்காவ இப்டியே வுட்டா நல்லால்ல. வெள்ளிக்கிழம ஒரு எடத்துக்கு இட்டுனு போலாம். வேப்பிலை அடிப்பாங்க. எறங்கிடும்."

"இன்னா எறங்கும்?"

"அதான் மாமா... பையன் நெனப்பு."

"ஸ்டாப்பிங் வந்தா எறங்கறதுக்கு அது பஸ்ஸாடா?"

சொல்லிவிட்டாரே தவிர, ராத்திரி கண்ணை மூடினால் தலைமுடி அவிழ்ந்த திரௌபதியும் வேப்பிலையும்தான் வந்தன. வெள்ளிக்கிழமைக்குள் அவளாக நிறுத்தியாக வேண்டும். பையன் கேலிக்குச் சொன்னது, அங்கிருந்து ஒரு மண்ணும் தெரியாது என்று தெரிந்துவிட்டால் நிறுத்திவிடுவாள். காலையில் அரிசி களைந்துகொண்டிருந்தவளிடம் போய் நின்றார்.

"நான் மேல போய்ப் பாக்கறேன். நம்ம வூடு தெரியலன்னா இத்தோட வுட்டுடணும்."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா நானும் உங்கூட மாடில நின்னு கைய ஆட்டறேன்."

"வருஷம் திரும்பலையேங்க. ஏறக் கூடாதே."

"எமன் நம்ம வூட்டுக்கு வந்தப்ப நாள் பாத்தா வந்தான்?"

அவள் நிமிரவில்லை. களைந்த தண்ணீரை வாளியில் ஊற்றிவிட்டு, "பாசி இருக்கும். ஓரமா போங்க," என்றாள்.

ஓரமாகத்தான் போனார். ஜவ்வாது மலைக் கொண்டை ஊசி வளைவுகளில் கொதித்து நிற்கும் பழைய வண்டி ஒன்று டிப்போவில் இருந்தது. அதன் நிலைமை இப்போதுதான் புரிந்தது. நாலு படிக்கு ஒருதரம் நின்று, வேடிக்கை பார்ப்பவர்போல மரங்களைப் பார்த்தார். ஒரு குரங்கு அவர் சட்டைப் பையை எட்டிப் பார்த்துவிட்டு, இரக்கப்பட்டதுபோல நகர்ந்தது. இந்தப் படியை அறிவு தினம் ஏறியிருக்கிறான். ஒருநாள்கூட "வாப்பா" என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால் மட்டும் போயிருப்பாரா? ஒரு ஜோக்கை அனுப்பிவைத்திருப்பார்.

குகையைத் தாண்டிக் கொஞ்சம் ஏறி, வலப்பக்கம் புதருக்குள் பிரிந்த ஒற்றையடிப் பாதையில் போனால், அறிவு அம்மாவிடம் சொல்லியிருந்த அந்தப் பாறை. தட்டையாக, வெளியே நாக்கை நீட்டியதுபோல. அதற்கப்புறம் தரையில்லை.

கீழே ஊர் கிடந்தது. கோயில் முழுசும், கோபுரங்களும் மதிலும் குளமுமாக, யாரோ தரையில் பரப்பி வைத்ததுபோல இருந்தது. சாம்பல் மேகம் தாழ இறங்கி நின்றது. அவர் காலமெல்லாம் விசில் ஊதி நுழைந்த சந்துகள் எல்லாம் ஒரே கோடாகிப் போயிருந்தன. அழகுதான். அழகாக இருந்ததே அவருக்குப் பொறுக்கவில்லை. பாறையில் ஓரிடம் உட்காருவதற்கென்றே குழிந்திருந்தது. அதில் உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வேங்கிக்கால் பக்கம் கண்ணை ஓட்டினார். மாடியில் இருக்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்திருந்தார். ஊரில் எல்லா மாடியிலும் கறுப்புத் தொட்டி. சரியென்று வேலூர் ரோட்டைப் பிடித்தார். செல்போன் டவர் கிடைத்தது. கல்யாண மண்டபத்தின் நீலக் கூரை கிடைத்தது. ரெண்டுக்கும் நடுவில்தான் அவர் தெரு. அங்கே மஞ்சள் பெயின்ட் அடித்த லாட்ஜ் ஒன்று மாடி மேல் மாடியாக நின்றது. அதன் முதுகுக்குப் பின்னால் அவர் வீடு. தொட்டி, கொடிக்கம்பி, மாடிப்படி, எதுவும் இல்லை. லாட்ஜ்தான்.

அறிவு மலைக்கு வர ஆரம்பிப்பதற்கு முன்பே கட்டி முடித்த லாட்ஜ் அது. திறப்பு விழாவுக்குத் திருமலையே போய் இரண்டு தடவை கேசரி வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்.

ஆக, பையன் ஒருநாளும் பார்த்ததில்லை. பந்தயத்தில் அவர் ஜெயித்துவிட்டார். இறங்கிப் போய்ச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

போன் அடித்தது.

"போய்ட்டீங்களா?"

"வந்துட்டேன்."

"மாடில நிக்கறேன். தெரியறனா?"

ஒரு வார்த்தை போதும். இல்லை என்றால், இன்றோடு எல்லாம் முடியும். காசியம்மாளுக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது. சுப்பிரமணி வேப்பிலையைத் தூக்கிப் போட்டுவிடுவான். திருமலை அந்த மஞ்சள் முதுகையே பார்த்தார். அதற்குப் பின்னால் ஒரு கை ஆடிக்கொண்டிருக்கிறது.

"தெரியற," என்றார்.

"நல்லா தெரியுதா?"

"ஜம்முனு தெரியுது. கொஞ்சம் எளைச்சிட்ட."

"இன்னா கலர் பொடவ கட்டியிருக்கேன்?"

டிக்கெட் வாங்காதவன் முகத்தைப் பத்து சீட்டுக்கு அந்தப் பக்கமிருந்து கண்டுபிடிப்பவர். காலையில் எதிரே நின்று பேசியவள் என்ன கட்டியிருந்தாள் என்று நினைவில்லை.

"பச்சை."

போனில் காற்று இரைந்தது.

"அவனும் பச்சைன்னுதாங்க சொல்லுவான்."

"அதான் பாரு, அங்கருந்தே..."

"எங்கிட்ட பச்சப் பொடவையே கெடையாது. எங்கூட்ல பச்சை ஆவாதுன்னு கல்யாணத்துக்கு நீங்க எடுத்த பச்சையக்கூட கட்டல. நீங்கதான கடைக்குப் போய் வேற கலர் மாத்திக் குடுத்தீங்க."

திருமலை மறுபடி லாட்ஜைப் பார்த்தார்.

"அப்ப உனக்கு..."

"மொத நாளே தெரியும். இங்கருந்து பாத்தா எனக்கு இன்னா பாறையா தெரியுது? லாட்ஜுதான் தெரியுது."

"அப்புறம் எதுக்குடி தெனம் கைய ஆட்டன?"

"பாக்கறேன்னு சொன்னான். ஆட்டினேன்."

பின்னால் செல்பி எடுத்துக்கொண்டிருந்த ஒரு ஜோடியில் பையன், "அங்கிள், கொஞ்சம் தள்ளிக்கோங்க. கோபுரம் மறைக்குது," என்றான். திருமலை தள்ளிக்கொண்டார். தள்ளியதில் அந்தக் குழிவிலேயே உட்கார வேண்டியதாயிற்று. அவருக்கு அது சின்னதாக இருந்தது.

"வெள்ளிக்கிழமை சுப்பிரமணி வருவான்ங்க," என்றாள் திரௌபதி.

"வரட்டும். வூடு தெரியுது, நானே பாத்தேன்னு சொல்லிடறேன். வேப்பிலைய அவன் ஆட்டுக்குப் போடட்டும்."

"பொய் சொல்லவா அவ்ளோ தூரம் ஏறினீங்க?"

"எனக்கா பொய் புதுசு? பின்னாடி வண்டி காலியா வருதுன்னு எத்தன வருஷம் சொல்லியிருக்கேன்."

அவள் மூக்கிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. சிரிப்பா, மற்றதா என்று தெரியவில்லை. மாசிக்கு அப்புறம் அப்படி ஒரு சத்தத்தை அவளிடம் அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சரி, கைய ஆட்டுங்க."

"யாருக்குடி தெரியப் போவுது?"

"ஆட்டுங்க."

திருமலை எழுந்து நின்றார். மஞ்சள் லாட்ஜைப் பார்த்துக் கையைத் தூக்கினார். பழக்கதோஷத்தில் அது, ரைட், வண்டி போலாம் என்பதுபோல் வெடுக்கென்று போனது. இறக்கிவிட்டு, மறுபடி மெதுவாகத் தூக்கி ஆட்டினார். செல்பிக்காரப் பெண், யாரைக் கூப்பிடுகிறார் என்று எட்டிப் பார்த்தாள்.

"ஆட்டறேன். எவ்ளோ நேரம்?"

"போதும்டா, அடுப்புல பால் இருக்குதுன்னு நான் சொல்ற வரைக்கும் ஆட்டுவான்."

மேகத்திலிருந்து ஒன்றிரண்டு துளி விழ ஆரம்பித்தது. அந்த ஜோடி துப்பட்டாவைத் தலைக்குப் போட்டுக்கொண்டு இறங்கி ஓடியது. திருமலை காதில் போனை வைத்தபடி ஆட்டிக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கம் கொடியில் துணி படபடப்பது கேட்டது. எங்கோ குக்கர் விசில் கேட்டது. அவள் போதும் என்று சொல்லவில்லை.

வலது கை வலித்ததும், போனை மாற்றிக்கொண்டு இடது கையைத் தூக்கினார்.