மண்ணீரலை வெட்டிய கதை

1

இந்தக் கதை ஓர் அசட்டுத்தனத்தில் பிறந்தது. என் மனைவிக்குச் சினைப்பையில் தொடங்கிய புற்றுநோய் வயிறெங்கும் பரவி மண்ணீரலையும் தொட்டுவிட்டது என்று அறுவை மருத்துவர் சொன்னார். நான் பெரும் துயரத்தோடு என் வலது விலாவைப் பிடித்துக்கொண்டேன்.

“அது இடது பக்கம் சார்.”

மனித உள்ளத்தை ஆழ உழுகிறவன் என்று என் புத்தகங்களின் பின்னட்டையில் போட்டுக்கொள்கிறவன் நான்! (உள்ளுறுப்புகள் என் துறையல்ல.)

2

முதல் தொடக்கம்: “மண்ணீரலே, மௌனத்தின் மாளிகையே…”

சகிக்கவில்லை.

இரண்டாவது: “விதியின் கோரக் கரங்கள் அவளை—”

இதை அவளே அடித்தாள். அவள் பத்திரிகை ஆசிரியை; என் கதையை வெட்டப்போய்த்தான் என்னைக் கட்டிக்கொண்டாள். ஒரு வரியை எடுத்த பிறகும் கதை நடந்தால் அது வேண்டாத வரி. அவ்வளவுதான் அவள் இலக்கணம். கடைசிப் பத்தி எவன் எழுதியதானாலும் அவள் வெட்டுக்குத் தப்பாது.

3

கண்ணுக்குத் தெரிகிற கட்டியை மிச்சமில்லாமல் எடுத்தால் ஆயுள் நீள வாய்ப்பு அதிகம், அதற்கு மண்ணீரலும் போக வேண்டிவரலாம் என்றார் மருத்துவர்.

“எடுத்தப்புறமும் ஆள் நடமாடுமா டாக்டர்?” என்றாள்.

“தாராளமா. தடுப்பூசி போட்டுக்கணும். காய்ச்சல்னா உடனே ஓடி வந்துடணும்.”

“அப்ப வெட்டுங்க. இவர் எழுத்துல இதைவிடப் பெருசெல்லாம் வெட்டியிருக்கேன்.”

“உனக்குப் பயமே இல்லையா?” என்றேன்.

“இருக்குங்க. அதைத்தான் வெட்டத் தெரியல.”

4

(இங்கே அறுவை அறை வர்ணனை. எந்தப் பக்கம் என்றே தெரியாதவனை நம்பாதீர்கள், தாண்டிப் போங்கள்.)

“கண்ணுக்குத் தெரிஞ்சது எதுவும் மிச்சமில்ல,” என்றபடி மருத்துவர் வெளியே வந்தார். அவரைக் கட்டிக்கொண்டேன். தரை துடைத்த அம்மாவுக்குக் கும்பிடு போட்டேன். யாரோ ஒருவருடைய மாமனாரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

“தெரியாதது?”

“அதுக்குத்தான் கீமோ. அப்புறம்… பாக்கலாம்.”

5

முடிவு அ: அவள் நூறு வயதுவரை—

முடிவு ஆ: அவள்

கீமோ முடிந்த மொட்டைத் தலையைத் தலையணையில் சாய்த்து, இரண்டையும் அடித்தாள்.

“முடிவு இல்லாம கதை நடக்குமா?”

“நடந்துக்கிட்டுத்தானே இருக்கு?”

“வாசகர்கள் கேப்பாங்களேம்மா.”

“நானே காத்திருக்கேன். அவங்களுக்கு என்ன அவசரம்?”

ஆகவே வாசகரே, கை அரித்தால் கடைசிப் பத்தியை நீங்களே எழுதி அனுப்புங்கள். வெட்டிவிடுவாள். வெட்டட்டும். வெட்டிக்கொண்டே இருக்கட்டும்.