வீட்டில் பேசும் மொழி

தமிழ் வகுப்பை நிறுத்துவதாகப் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. காரணம் ஒரே வரி: "கேட்போர் இல்லை."

துணி ஆலையில் சட்டைக் காலர் தைக்கும் அவளுக்கு அதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. மகளையும் சேர்த்து அந்தப் பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகள் மட்டுமே பத்தொன்பது பேர்.

"கேக்க ஆள் இல்லையாம் அண்ணி! அப்போ நாமெல்லாம் யாரு?" என்றாள் நாத்தனார்.

மறுநாள் அரைநாள் விடுப்பெடுத்து இருவரும் பள்ளி அலுவலகத்துக்குப் போனார்கள். எழுத்தர் அம்மாள் அலுத்துக்கொண்டே சேர்க்கைப் படிவங்களை மேசைமேல் போட்டாள். 'வீட்டில் பேசும் மொழி' என்ற கட்டத்தில் பத்தொன்பதிலும் அரசு மொழியின் பெயர்தான் இருந்தது. எல்லாம் ஒரே கையெழுத்து.

"இதை யாரு எழுதினது?"

"நான்தான். எல்லாரும் என்கிட்ட எங்க மொழியிலதானே பேசினீங்க?"

"உங்களுக்கு எங்க மொழி தெரியாதேன்னு பேசினோம். அதுக்காக எங்க வீட்டையே மாத்தி எழுதிடுவீங்களா?"

"பிழைக்க வந்த இடத்துல எதுக்கும்மா இவ்வளவு வீம்பு?"

"வந்த இடமா? நான் 'அ' எழுதிப் பழகினதே இந்தப் பள்ளிக்கூடத்துலதான்!" அவள் குரல் வராந்தா வரை கேட்டது.

அந்த வாரம், வீட்டு மொழியைத் திருத்தக் கேட்கும் படிவங்களோடு இருவரும் மற்ற பதினெட்டு வீட்டுப் படியும் ஏறினார்கள். பேருந்து ஓட்டுநர் ஒருவர் மட்டும் பின்வாங்கினார்.

"எதுக்கு வம்பு? அவங்க மொழி படிச்சாத்தான் வேலை கிடைக்கும்."

"அதை வேணாம்னு யாருண்ணே சொன்னா? இதையும் குடுங்கன்னுதான் கேக்குறோம்."

அவர் கையெழுத்துப் போடவில்லை. அவளுடையதையும் சேர்த்துப் பதினெட்டுத் திருத்தப் படிவங்களோடு கல்வி அதிகாரி முன்னால் போய் நின்றார்கள். அவள் தமிழில் பேசத் தொடங்கினாள். அதிகாரி முகம் சுளித்தார்.

"உனக்குத்தான் எங்க மொழி தெரியுமே?"

அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அன்று அதில் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை என்று முடிவெடுத்திருந்தாள். மொழிபெயர்ப்பாளரைக் கேட்கச் சட்டத்தில் இடமிருந்தது. நீதிமன்றத்திலிருந்து ஆள் வர முக்கால் மணி நேரமானது. அதுவரை அதிகாரி பேனாவை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்க மொழி தெரிஞ்சதாலதானே எங்களை இல்லாமப் பண்ணீங்க?" என்பதுதான் அவள் மொழிபெயர்க்கச் சொன்ன முதல் வாக்கியம்.

ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. தமிழ் வகுப்பு தொடரும், கடைசி மணி அடித்த பிறகு.

நாத்தனார் துள்ளிக் குதித்தாள். அண்ணிக்கோ சந்தோஷம் பாதி, எரிச்சல் பாதி.

"மத்த பாடமெல்லாம் பகல்ல. எங்க மொழிக்கு மட்டும் பிள்ளைங்க சோர்ந்து விழுற நேரமா?"

முதல் நாள் மகளைத் தமிழ் வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, அடுத்த மனுவோடு நேரே கல்வி அதிகாரியின் அலுவலகத்துக்கு நடந்தாள்.