யாருடைய இடது கை

குழந்தைகளின் கை அசைவை ஆராயும் ஆய்வாளர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். நல்ல செய்தி சொல்ல யாரும் கதவைச் சாத்துவதில்லை.

"பயப்படாதீங்க. ஒரு சின்ன சந்தேகம், அவ்வளவுதான்" என்று கணினித் திரையை என் பக்கம் திருப்பினார்.

திரையில் இரண்டு கோடுகள் ஓடின. ஒன்று என் மகள் சிட்டுவின் வலது கை, இன்னொன்று இடது கை. சிட்டுவுக்கு ஏழு வயது. பிறக்கும்போதே வந்த பெருமூளை வாதம். உடம்பின் இடது பக்கம் இறுக்கம். இடது கை விரல்களை மடக்கிக்கொண்டு நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கும். இந்த ஆய்வுக்காக அவள் இரண்டு மணிக்கட்டிலும் பட்டை கட்டியிருந்தார்கள். எந்தக் கை எவ்வளவு அசைகிறது என்று பட்டைக்குள் இருக்கும் கருவி பதிவு செய்துகொள்ளும். ஆய்வுக்கூடத்தில் எல்லாக் குழந்தைகளும் சொன்னதைச் செய்துவிடுவார்களாம். வீட்டில் அந்தக் கையைச் சீண்டுகிறார்களா என்பதுதான் இவர்களுக்குத் தெரியவேண்டும்.

எனக்குத் தெரியவேண்டியது வேறு. வீட்டில் இடது கையைத் தானாகவே பயன்படுத்திப் பார்க்கிற குழந்தைகளைத்தான் அடுத்து வரும் தீவிரப் பயிற்சிக்கு எடுப்பார்கள். அதில் போன முறை சேர்ந்த ஒரு பெண் இப்போது தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறாள். அந்த இடம் என் மகளுக்குக் கிடைக்க வேண்டும். அதற்காக நான் யார் காலிலும் விழுவேன், யார் கழுத்தையும் பிடிப்பேன்.

"பாருங்க, பகல் பூரா இடது கை நல்லா வேலை செய்யுது. சாயங்காலம் ஆனா சுத்தமா நின்னுடுது. தினமும் இப்படித்தான். பகல்ல குழந்தையை யார் பாத்துக்கறாங்க?"

"என் நாத்தனார்."

"தப்பா எடுத்துக்காதீங்க. பட்டையை வேற யாராவது போட்டுக்கறாங்களா? ஒரு வீட்டுல நாய்க்குக் கட்டி விட்டுட்டாங்க. குழந்தை மாரத்தான் ஓடின மாதிரி கணக்கு வந்துச்சு."

"எங்க வீட்டுல நாய் இல்ல" என்றேன். சிரிப்பு வரவில்லை.

"வெள்ளிக்கிழமை போன் பண்றேன். அதுக்குள்ள விசாரிச்சு வைங்க. காரணம் தெரியலைன்னா இதை நான் கணக்குல எடுத்துக்க முடியாது. பயிற்சிக்கு வேற குழந்தையைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும்."

வீட்டில் நாய் இல்லையே தவிர, மகாராணி ஒருத்தி இருக்கிறாள். என் கணவரின் தங்கை. வேலை பார்த்த இடத்தை மூடிவிட்டார்கள் என்று வந்தவள், எங்கள் சோபாவைத் தன் பேருக்கு எழுதி வாங்கியவள்போல் அதில் படுத்துவிட்டாள். ஒரு துரும்பை இங்கிருந்து அங்கே எடுத்துப் போடமாட்டாள். பள்ளி விடுமுறையில், நான் வேலைக்குப் போகும் நேரத்தில் சிட்டுவைப் பார்த்துக்கொள்வதுதான் அவளுடைய ஒரே வேலை.

என் வேலையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய கடையில் கேமராத் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது. திருட வருகிறவன் பொருளைப் பார்க்கமாட்டான். யார் பார்க்கிறார்கள் என்றுதான் பார்ப்பான். அன்று வீட்டுக்கு வந்ததும் நாத்தனாரை அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். அவளும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தரை ஈரமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால், கொஞ்ச நாளாகவே சாயங்காலங்களில் தரை ஈரம். துடைப்பம் எந்த மூலையில் இருக்கிறது என்றே தெரியாதவள் எதற்குத் தரையைத் துடைக்கிறாள்? சிட்டு வேறு கவுன் போட்டிருந்தாள். காலையில் நான் கட்டிய இடது பட்டை இப்போது ஒரு ஓட்டை தளர்ந்திருந்தது. இவள்தான் கழற்றித் தன் கையில் மாட்டியிருக்கிறாள். கணக்கு நன்றாக வந்தால் நல்ல பெயர் கிடைக்கும், சோபாவும் நிலைக்கும் என்று நினைத்திருப்பாள். அவள் செய்கிற கூத்தில் என் பெண்ணின் இடம் பறிபோகப் போகிறது.

சிட்டுவுக்கு ஊட்டிக்கொண்டே மெல்லக் கேட்டேன். "கண்ணு, பகல்ல அத்தை உன் பட்டையைக் கழட்டறாங்களா?"

அவள் சோபாவைப் பார்த்துச் சிரித்தாள். "அம்மாகிட்ட எதையும் சொல்லக் கூடாதுன்னு அத்தை சொல்லியிருக்காங்க."

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. ஆனாலும் குழந்தை முன்னால் எதற்கு என்று வாயைத் துடைத்துவிட்டு, தண்ணீர் புகட்டி, சட்டை மாற்றி, தலை வாரிவிட்டேன். நான் வீட்டில் இருக்கும்போது அவள் எதற்கும் ஏங்க வேண்டியதில்லை. வாய் திறப்பதற்குள் கையில் வந்துவிடும்.

கணவரிடம் சொன்னதற்கு அவர் தலையில் அடித்துக்கொண்டார். "உனக்கு யாரைப் பாத்தாலும் திருடியாத் தெரியுது. இது வீடும்மா, கடை இல்ல."

"ஏங்க, தங்கச்சின்னா கண்ணை மூடிக்குவீங்களா? நான் கையும் களவுமா பிடிச்சுக் காட்டறேன், அப்ப பேசுங்க."

வியாழக்கிழமை தலைவலி என்று சொல்லிவிட்டு மதியமே கிளம்பினேன். சாவியைச் சத்தம் வராமல் திருப்பி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, என் சொந்த வீட்டுக்குள் நானே திருடிபோல் நுழைந்தேன். நடையில் இருந்த அலமாரியை ஒட்டி நின்றால் கூடம் முழுவதும் தெரியும்.

மகாராணி சோபாவில் கால்மேல் கால் போட்டுப் படுத்துப் போன் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இரண்டு கையும் வெறுமையாக இருந்தன. பட்டை இரண்டும் சிட்டுவின் கைகளில்தான் இருந்தன. சிட்டு தரையில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, மூடி வரமாட்டேங்குது."

"வரலைன்னா உனக்குத் தாகம் இல்லைன்னு அர்த்தம்." போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பாவி, குழந்தை தாகம் என்கிறாள்! பாய்ந்துபோக ஒரு கால் எடுத்துவைத்தேன். அதற்குள் சிட்டு ஏதோ முணுமுணுத்துவிட்டுப் பாட்டிலை முழங்கால்களுக்கு நடுவே வைத்தாள். வழுக்கியது. பிறகு வலது கையால் இடது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பாட்டிலின்மேல் வைத்தாள். அந்த விரல்கள் பாட்டிலை இறுகப் பிடித்துக்கொண்டன. வலது கை மூடியைத் திருகியது. நாக்கு வெளியே வந்துவிட்டது, முகம் சிவந்துவிட்டது. மூடி திறந்த வேகத்தில் பாதித் தண்ணீர் கவுனிலும் தரையிலும் கொட்டியது. மிச்சத்தைக் குடித்தாள்.

"திறந்துட்டேன்!"

"திறந்துட்ட சரி, தரையை யாரு துடைக்கிறது? உங்கம்மா பாத்தா எனக்குத்தான் டின் கட்டுவாங்க. போ, துணியை எடுத்துட்டு வா."

சிட்டு நகர்ந்துபோய்த் துணியை எடுத்து, இரண்டு கையையும் அதன்மேல் வைத்துத் தேய்த்தாள். என் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஏழு வருஷமாக நான் பார்க்காத கையை அன்று பார்த்தேன். சந்தோஷம் தாங்காமல் அலமாரியை விட்டு வெளியே வந்தேன்.

நாத்தனார் துள்ளி எழுந்தாள். "அண்ணி! இப்பதான்... சத்தியமா இப்பதான் போனை எடுத்தேன்!"

"அம்மா!" என்று சிட்டு முகம் மலர்ந்தாள். அதே நொடியில் அவள் இடது கை துணியை விட்டுவிட்டு, மடங்கி, நெஞ்சோடு போய் ஒட்டிக்கொண்டது. வலது கையை மட்டும் என்னிடம் நீட்டினாள். "அம்மா, கவுன் நனைஞ்சிடுச்சு. மாத்தி விடு."

நான் குனிந்திருந்தேன். முதல் பொத்தானைக் கழற்றி, இரண்டாவதில் விரல் வைத்த பிறகுதான் என் கைகள் செய்துகொண்டிருந்த வேலை எனக்கே உறைத்தது.

நாத்தனார் தானாகவே எல்லாவற்றையும் ஒப்பித்தாள். பட்டை உறுத்திச் சிவந்ததால் ஒரு ஓட்டை தளர்த்தினாளாம். தினமும் எதையாவது கொட்டிவிடுவதால், நான் திட்டுவேனே என்று, என்னிடம் எதையும் சொல்லவேண்டாம் எனச் சிட்டுவிடம் சொன்னாளாம். "எழுந்திரிக்கச் சோம்பல் அண்ணி. அவளே எடுத்துக்கறாளேன்னு விட்டுட்டேன். வேற ஒண்ணும் தப்பு பண்ணல."

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. கட்டிக்கொள்ளவும் மனசு வரவில்லை. அவமானமாக இருந்தது, அதுதான் உண்மை.

வெள்ளிக்கிழமை ஆய்வாளர் அழைத்தார்.

"விசாரிச்சீங்களா? பட்டை யார் கையில இருந்துச்சு?"

"என் பொண்ணு கையிலதான் மேடம். நானே கண்ணால பாத்தேன். அந்தக் கோடு அவளோடதுதான்."

"ரொம்ப சந்தோஷம். ஆனா ஒண்ணுதான் புரியல. பகல்ல அவ்வளவு வேலை செய்யற கை, ஆறு மணி ஆனா ஏன் அப்படியே நின்னுடுது? களைச்சுப் போயிடறாளா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவரே எடுத்துக் கொடுத்த பதில். சோபாவிலிருந்து நாத்தனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல மேடம்," என்றேன். "ஆறு மணிக்கு நான் வீட்டுக்கு வந்துடறேன்."