பும்ப் ரிப்பேர்

1
இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. என் தங்கை அழுதுகொண்டே சொன்னது. அவள் கண்ணைத் துடைப்பதற்குள் நான் பேனாவைத் தேடினேன். அண்ணன் லட்சணம் அப்படி.

2
தொடக்கம்: அந்தக் கால் சென்டரின் கண்ணாடிச் சுவர்களுக்குள் ஆயிரம் குரல்கள் சிறைப்பட்டு—

(வேண்டாம். அங்கே இருப்பதே நாலைந்து மேசை.)

மறுபடி. வீட்டில் அவளுக்கு ‘ஒட்டுவாரொட்டி’ என்று பெயர். யாரோடு பேசினாலும் அவர்கள் இழுவை அவள் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். அவள் போன் எடுப்பதோ வெளிநாட்டுத் தண்ணீர் பம்ப் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவுக்கு; அங்கே இது ஆகாத குணம். ஆங்கிலத் தேசத்தின் வடக்குப் பக்கத்துக்காரர், ஒரு பெரியவர், அழைத்தார். அவர் ஊர்ப் பேச்சில் நம் அகரமெல்லாம் உகரம்: கப் ‘குப்’, பம்ப் ‘பும்ப்’. பும்ப் ஓடவில்லை என்றார். கொஞ்ச நேரத்தில் இவளும், “உங்க பும்புக்கு ஆள் அனுப்புறேன் சார்” என்றாள். கேலி செய்கிறாள் என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டார்.

3
மேனேஜரை வில்லனாக்கி, மீசையெல்லாம் வைத்து எழுதினேன். தங்கை பின்னால் நின்று படித்தாள்.

“அண்ணா, அவருக்கு மீசையே கிடையாது. பாவம், அவரே நடுங்கிட்டிருந்தாரு. ‘நீயே போன் போட்டு மன்னிப்புக் கேளும்மா. அவர் புகாரைத் திரும்ப வாங்கலைன்னா உன் வேலையை என்னால காப்பாத்த முடியாது’ன்னாரு.”

மீசையை அடித்துவிட்டேன்.

4
எழுதிப் பார்த்த முடிவுகள்:

(அ) பயிற்சியில் சொல்லிக்கொடுத்த, இஸ்திரி போட்ட உச்சரிப்பில் பேசுகிறாள். “ஓஹோ, இதான் உன் பேச்சா? அப்ப அன்னைக்கு கேலிதான்” என்கிறார்.

(ஆ) அவரைப் போலவே பேசுகிறாள். சொல்லவே வேண்டாம்.

(இ) “உன் சொந்த உச்சரிப்புல பேசேன்,” என்றேன், பெரிய மேதை மாதிரி.

“அப்படி ஒண்ணு எங்கிட்ட இருக்கா அண்ணா?”

[என் ஆங்கிலத்தில் உயிரெழுத்துகள் அனைத்தும் ஒரே அறையில் குடித்தனம். நான் அறிவுரை சொல்கிறேன்.]

5
சத்தமில்லாத இடமென்று என் அறைக்கே போனோடு வந்துவிட்டாள்.

“பயமா இருக்கா?”

“இருக்காதா பின்னேஏஏ?” வார்த்தையின் வாலை என்னைப் போலவே இழுத்தாள். சுருக்கென்றது.

“என்னையே நக்கலடிக்கிறியா?”

“ஐயோ, எப்போ?” சத்தியமாக அவளுக்குத் தெரியவில்லை. “எரிஞ்சு விழுறவங்க பேச்சு எனக்கு ஒட்டவே ஒட்டாதுண்ணா. அந்தப் பெரியவர் அவ்வளவு பொறுமையா பேசினாரு.”

இதை நான் யோசித்து எழுதியிருக்க முடியாது.

எண்களை அழுத்திவிட்டாள். மணி அடிக்கிறது. மிச்சத்தை நான் எழுதினால் கூடப்பிறந்த பாசத்தில் புளுகிவிடுவேன். இனி நீங்கள்தான் அந்த வடக்குப் பக்கத்துக்காரர். குழாயில் தண்ணீர் இல்லை. மூக்கு நுனியில் கோபம் இருக்கிறது.

எடுங்கள்.